லெந்து நாளில் டீ விளம்பரம்

இன்று காலையிலிருந்து தலை இடிக்கிறது. காரணம் நீதான், வேறு யாருமில்லை.

திருச்சானூர் ரோட்டில் மகன் வீடு, முதல் மாடி. நேர் கீழே டீக்கடை. விடிவதற்கு முன்பே பால் பொங்கி, தூள் கொதித்து, அந்த வாசனை படியேறி வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறது. மற்ற நாள்களில் நானே இறங்கிப் போய் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கிளாஸ் உள்ளே போன பிறகுதான் பேப்பரைப் பிரிப்பேன். இன்று சாம்பல் புதன். இறங்கவில்லை. எழுபதைத் தாண்டிய நான், நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிற நான், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் உபவாசமான உன் லெந்து காலத்துக்காக டீ குடிக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரன் வேறு அண்ணாந்து பார்த்துக் கத்தினான்.

"பெரியவரே, ஒடம்பு செரியில்லியா? டீ எத்துக்கினு வரட்டா?"

"ஈஸ்டர் கழிச்சு வரேம்பா" என்றேன். அவன் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் மதம் மாறிவிட்டதாக இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்பான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கமாட்டேன். நினைத்துக்கொண்டு கிடப்பது என் வேலை என்றாகிவிட்டது. சுலபமான பக்கத்தை எடுத்துக்கொள்வது உனக்கு எப்போதும் வழக்கம்தான்.

சித்தூர் மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். பிற்பாடு உன் நைனா விட்டுப்போன, காலால் மிதித்து ஓட்டுகிற அச்சு யந்திரம் ஒன்று உன்னிடம் இருந்தது. நகரியில் என் பங்குக்கு வந்த தறிகளை அண்ணனிடமே விட்டுவிட்டு நான் சித்தூரில் உன்னோடு வந்து சேர்ந்தேன். நாலு பக்க வாரப் பத்திரிகை. மூன்று பக்கம் தமிழ், கடைசிப் பக்கம் தெலுங்கு. நீ ஆசிரியர், நான் விளம்பரம். நான் மூட்டை கட்டும்போது அண்ணன் வாசலில் நின்று சொன்னான்: "போ, போய்ப் பாரு. முடியலன்னா வந்து என் பவர்லூம்ல நில்லு." அந்த ஒரு பேச்சுக்காகவே பத்திரிகை படுத்துவிடக் கூடாது என்று நாயாக அலைந்தேன். உனக்கென்ன, பத்திரிகை நின்றால் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைத்துக்கொள்வாய். எனக்கு அது நின்றால் நகரிதான்.

விளம்பரம் பிடிப்பது என்றால் லேசா? வெல்ல மண்டிக்காரர்களுக்கு விளம்பரமே தேவையில்லை, ஈ மொய்க்கிற இடத்துக்கு ஆள் தானாக வருவான் என்பார்கள். பேண்டு செட்காரர் முகூர்த்த மாதத்தில் மட்டும் போடச் சொல்வார். புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டுகிற ஒருவரிடம் போய் நின்றேன். "கை ஒடிஞ்சவன் பேப்பர் படிச்சிக்கினா வரான்? கத்திக்கினு வரான். போப்பா" என்று அனுப்பிவிட்டார். இத்தனையும் தாண்டி ஒரு சைக்கிள் கடையையோ ஒரு லாட்ஜையோ மடக்கிக்கொண்டு வந்தால், அப்புறம் நீ ஆரம்பிப்பாய்.

கடைக்காரர் 'ஆந்திராவிலேயே சிறந்த தையல்' என்று எழுதிக் கொடுத்திருப்பார். நீ பேனாவை எடுத்து 'பஜார் தெருவில் நல்ல தையல்' என்று மாற்றுவாய். "இவன் ஆந்திரா பூரா சுத்திப் பாத்துட்டானா?" என்பாய். திருப்பதி லாட்ஜ்காரர் எல்லா நேரமும் வெந்நீர் உண்டு என்றார். நீ போய் அங்கே தங்கிக் குளித்துவிட்டு வந்து, 'காலையில் வெந்நீர் உண்டு' என்று அச்சடித்தாய். திட்டு வாங்கியவன் நான். அந்த லாட்ஜ் வாசலில் ஒரு வருஷம் என்னால் தலைகாட்ட முடியவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். டீ விஷயத்தில்தான் நீ என் உயிரை வாங்கினாய்.

முதல் பக்கத்தின் வலது கீழ்மூலை டீக்கானது. பஜார் தெருவில் டீத்தூள் கலந்து விற்கிற முனிரத்தினம் வருஷம் முழுக்க அந்த இடத்தை எடுத்திருந்தார். டம்ளரும் அதிலிருந்து எழும் ஆவியுமாக படம் அச்சடிக்க ஒரு துத்தநாக பிளாக் செய்து கொடுத்திருந்தார். நம் வண்டி ஓடியதே அந்த டம்ளரால்தான். ஆனால் லெந்து வந்தால் நீ டீயை விட்டுவிடுவாய். விட்டுக்கொள், உன் சாமி, உன் வயிறு. பத்திரிகையும் அல்லவா டீயை விட வேண்டியிருந்தது! உங்கள் சபையில் லெந்துக்கென்று பீடத்துக்குத் தைத்த ஊதாத் துணியில் மிஞ்சிய துண்டை வாங்கி வந்து, அந்த பிளாக்கை அதில் சுற்றி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவாய். முதல் பக்கத்து மூலையில் 'எருமை காணவில்லை' என்று வரும். முனிரத்தினத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

"நான் குடிக்காதப்போ ஊரைப் பாத்து குடி குடின்னு எப்படிடா சொல்றது?" என்பாய்.

"நீ பூட்டுகூடத்தான் தின்ன மாட்டே. பூட்டு விளம்பரம் போடலியா?"

"அது வேற, இது வேற" என்பாய். எது வேறு, எப்படி வேறு என்று கடைசிவரைக்கும் நீ விளக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் அந்த வருஷம் வந்தது. காகித விலை ஏறி, பத்திரிகை மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சமயம். மெட்ராஸ் டீக் கம்பெனி ஒன்றின் விற்பனை அதிகாரி திருப்பதியில் தங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நான் பல மாதம் பின்னாலேயே அலைந்து அவரைச் சம்மதிக்க வைத்தேன். வாரா வாரம் அரைப் பக்கம், வருஷம் முழுவதும். அது கிடைத்தால் பத்திரிகை பிழைக்கும், இல்லாவிட்டால் மூடவேண்டியதுதான். இது உனக்கும் தெரியும். ஆனால் அந்த மனிதர் சித்தூர் வருவதற்கு லெந்து நாளைத்தானா பொறுக்கியெடுக்க வேண்டும்!

அவர் வருவதற்கு முந்தின நாளே உன்னிடம் வந்து கெஞ்சினேன். "அவரு எதிர்ல ஒரே ஒரு வாய் குடிச்சிடு. உங்க சாமி ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு."

"சாமி கோச்சுக்க மாட்டாரு. எனக்குத்தான் என்மேல கோவம் வரும்" என்றாய்.

வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, தோல் பை. பையிலிருந்து கம்பெனிப் பாக்கெட்டை எடுத்து அவரே கொடுத்தார். என் மனைவி கோமளா அதில் டீ போட்டு அனுப்பினாள். அச்சு மையும் மண்ணெண்ணெயும் நாறுகிற அந்த அறையில் டீ வாசனை பரவியபோது, உன் மூக்கு விடைத்ததை நான் பார்த்தேன். ஆசை இல்லாதவன் இல்லை நீ. அவர் தன் கையாலேயே ஒரு டம்ளரை எடுத்து உன் பக்கம் நகர்த்தினார்.

நீ கும்பிட்டாய். "மன்னிக்கணும். ஈஸ்டர் வரைக்கும் குடிக்கறதில்லீங்க."

அவர் சிரித்தார். "அது உங்க சொந்த விஷயம் சார். விளம்பரம் அடுத்த வாரத்திலேர்ந்து வந்துடணும். வெயில் காலத்துக்கு முன்னாடி எங்களுக்குப் பேர் நிக்கணும்."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருந்தால் போதும். நீ சொன்னாய்: "ஈஸ்டர் அன்னிக்கு உங்க டீயைக் குடிச்சுப் பாக்கறேன். நல்லா இருந்தா அந்த வாரத்திலேர்ந்து போடறேன்."

"நல்லா இருந்தாவா?" என்றார் அவர். என்னைப் பார்த்தார். நான் மேல்கூரையைப் பார்த்தேன். டம்ளரை வைத்துவிட்டு, ஒப்பந்தத் தாள்களைப் பைக்குள் திரும்பத் தள்ளி, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அன்றைக்கு நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "நீயும் உன் லெந்தும்! நாப்பது நாள் நீ பட்டினி கெடக்க, வருஷம் பூரா நான் பட்டினி கெடக்கணுமா?" என்றேன். நீ எழுந்து போய், ஆறிப்போன அந்த டீயை வாசலில் இருந்த துளசிக்கு ஊற்றினாய். எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. நீ திருப்பிக் கத்தியிருந்தால் நான் இருந்திருப்பேனோ என்னவோ. அந்த வாரமே கோமளாவைக் கூட்டிக்கொண்டு நகரிக்குப் போய்விட்டேன்.

அண்ணன் ஒரு தறியைக் கையால் காட்டினான், போய் நின்றேன். பவர்லூம் சத்தத்தில் காது அடைத்துப்போகும். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறும். தினம் ஒரு முறையாவது குரல் கொடுப்பான்: "பேப்பர் மொதலாளி, அங்க பாவு அறுந்துபோச்சு பாரு." நான் குனிந்து நூலை முடிச்சுப் போடும்போது மனசுக்குள் உன்னைத் திட்டாத நாள் இல்லை. கைத்தறியில் பிறந்தவனுக்கு நூல் முடிச்சு பாரமில்லை. தோற்றுப்போய்த் திரும்பி வந்து போடுகிற முடிச்சுதான் பாரம்.

நம் இருவருக்குள் ஒரு பழக்கம் உண்டு. உன் வீட்டில் காபிதான். உன் அம்மாவுக்கு டீ என்பது காய்ச்சல்காரன் குடிப்பது. அதனால் ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை முடிந்ததும், உங்கள் கோயிலுக்குப் பின்சந்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு நேரே வந்துவிடுவாய். உன் முதல் டீ கோமளா கையால். வருஷா வருஷம் அப்படித்தான். அந்த வருஷம் ஈஸ்டர் காலையில், கோமளா அண்ணன் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு, "பாவம், அவரு இன்னிக்கு எங்க குடிப்பாரோ" என்றாள். "எங்கியோ குடிக்கட்டும். ஆத்துல தண்ணி இருந்தா அத்தக் குடிக்கட்டும்" என்றேன்.

வெயில் ஏறிய பிறகு, தறிக்கூடத்து வாசலில் நீ நின்றாய்.

ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை பஸ்ஸில் கசங்கி, அக்குளில் நனைந்திருந்தது. கண் சிவந்து போயிருந்தது. முதல் பஸ் பிடித்து, புத்தூரில் இறங்கி, வேறு பஸ் மாறி வந்திருக்கிறாய். வழியில் எத்தனை டீக்கடை! புத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே வரிசையாக இருக்கும். ஒன்றிலும் குடிக்கவில்லை என்பது உன் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. காய்ந்து வெடித்துப் போயிருந்தது. அண்ணன் தறியை நிறுத்திவிட்டான். நான் கையில் இருந்த நூலை விடாமல் நின்றேன்.

"இன்னா பாத்துக்கினு நிக்கறே? டீ போடச் சொல்லு" என்றாய்.

மன்னிப்பும் கேட்கவில்லை, வா என்றும் கூப்பிடவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தாய். கோமளா சித்தூரிலிருந்து கொண்டுவந்திருந்த முனிரத்தினம் பாக்கெட்டைத் தேடி எடுத்து, இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தாள். நீ முதல் வாய் குடித்தாய். கண்ணை மூடிக்கொண்டாய். மூன்று பேரும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணன்கூட.

"நல்லா இருக்குது, கோமளா" என்றாய். இன்னொரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கோசரம் காத்துக்கினு இருக்கலாம்" என்றாய்.

அவ்வளவுதான். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கோபத்தில்தான் போகிறேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். மறுநாள் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உன் கூட பஸ் ஏறினேன்.

அந்த வாரம் முதல் பக்கத்து மூலையை நான் உன்னைக் கேட்காமலே நிரப்பினேன். ஊதாத் துணியைப் பிரித்து பிளாக்கை எடுத்து வைத்து, அதன் கீழே: 'நாற்பது நாள் டீ இல்லாமல் இருந்து, ஈஸ்டர் அன்று முனிரத்தினம் டீ குடித்தேன். இதற்காகக் காத்திருக்கலாம். ஆசிரியர்.' பிழை பார்க்கும் தாளில் அதைப் படித்தாய். பேனாவைத் திறந்தாய். வெகுநேரம் யோசித்துவிட்டு மூடினாய். "பொய் இல்ல" என்று மட்டும் சொன்னாய்.

ஊரே அதைத்தான் பேசியது. லாட்ஜ் தண்ணீரில் குளித்துப் பார்த்து எழுதுகிற மனிதன் நல்லது என்று எழுதியிருக்கிறான் என்றால் சும்மாவா? முனிரத்தினம் கடையில் கூட்டம் நின்றது. குடிபாலாவிலிருந்து ஆள் வந்து பாக்கெட் வாங்கிப் போனார்கள். அப்புறம் மற்றவர்கள் வரிசை கட்டினார்கள். எங்களுக்கும் ஆசிரியர் கையெழுத்து வேண்டும் என்று பேனாக் கடை, செருப்புக் கடை, சோப்புக் காய்ச்சுகிறவர் எல்லாரும். பத்திரிகை எழுந்து உட்கார்ந்துவிட்டது. என் அண்ணனே துண்டு அனுப்பினான், அவன் தறியில் நெய்தது. நீ ஒரு மாதம் அதால் உடம்பு துடைத்துவிட்டு எழுதினாய்: 'நன்றாக ஈரம் வாங்குகிறது. முதலில் கொஞ்சம் சாயம் போகும்.' அண்ணன் அந்தத் தீபாவளிக்கு என்னோடு பேசவில்லை. இருந்தாலும் அந்தத் துண்டு நன்றாகவே விற்றது, அதுவும் உனக்கு வசதியாகப் போயிற்று.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா? நீயாவது நிறுத்துவதாவது! மறுவருஷம் லெந்துக்கு முன்னால் முனிரத்தினம் சந்தோஷமாக வந்தார். சட்டைப் பையில் புது விளம்பர வாசகம்.

"சார், உபவாசம் எப்போ ஆரம்பிக்கிறீங்க? ஈஸ்டருக்கு முழுப் பக்கமாப் போட்டுடலாம்."

உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவர் போனதும் சொன்னாய், "விளம்பரத்துக்கோசரம் உபவாசம் இருந்தா மாதிரி ஆயிடுச்சுடா." அந்த லெந்துக்கு டீயை விடவில்லை. நாள் முழுக்க டீ குடித்தாய். அதற்குப் பதிலாக மூக்குப்பொடியை விட்டாய். மூக்குப்பொடி விளம்பரம் இரண்டாம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? அது நின்றுபோயிற்று! டீ விற்கிற மனுஷன் முனிரத்தினம் ஆசிரியர் மேஜைமுன் நின்று, "ஐயா, ஒங்க கால்ல விழறேன், டீ குடிக்காதீங்க ஐயா" என்று கெஞ்சிய காட்சியை நான் என் கண்ணால் பார்த்தேன். எந்தப் பத்திரிகை ஆபீசிலாவது இது நடந்திருக்குமா? நான் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தேன். அழுதேனா சிரித்தேனா, சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அதற்கடுத்த வருஷம் நீ மறுபடி டீயை விட்டாய். ஈஸ்டர் இதழில் அதைப் பற்றி ஒரு எழுத்து வரக் கூடாது என்று எனக்குக் கட்டளை. அச்சிலே வரவில்லை. ஊருக்குத்தான் தெரிந்துவிட்டதே. முதல் பக்கத்தில் எருமை காணாமல் போனால் லெந்து வந்துவிட்டது என்று கோமுட்டிச் செட்டியார் கடையில்கூடப் பேசிக்கொண்டார்கள். எண்பதுகளில் பெரிய தினசரிகள் மாவட்டத்துக்குள் வந்து கலர் கலராய் டீ விளம்பரம் போடும்வரை நாம் ஓட்டினோம். மூடியபோது நாம் யாருக்கும் தலைகுனியவில்லை. நான் நகரிக்கும் திரும்பவில்லை. அதற்காக உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே.

நீ போனது ஒரு ஆவணி மாதத்தில். லெந்தும் இல்லை, ஈஸ்டரும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதி டம்ளர் டீ குடித்து, "சர்க்கரை ஜாஸ்தி" என்று நர்ஸிடம் குறை சொல்லிவிட்டுப் போனாய். அதிலும் ஒரு திருத்தம்.

நான் பாட்டுக்கு இருந்தேன். அடுத்த வருஷம் சாம்பல் புதன் அன்று கோமளா டீ கொண்டுவந்து வைத்தாள். டம்ளரைத் தூக்கினேன், வாய்வரை போகவில்லை. கீழே வைத்துவிட்டேன். "அவரு சாமிக்கு இவரு உபவாசம்" என்று அவள் கேலி செய்தாள். இன்றுவரை கேலி செய்துகொண்டுதான் இருக்கிறாள். நானும் இன்றுவரை காரணம் சொல்லவில்லை. பக்தி என்று நினைத்துக்கொள்ளாதே. உன் சாமியோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஜெபமும் தெரியாது. தலைவலி மட்டும் தெரியும்.

காரணத்தை உன்னிடம் சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் டீ குடிக்காமல் இருக்கிற இந்த நாள்களில் நீ செத்தவன் மாதிரித் தோன்றவில்லை. எங்கேயோ ஒரு பஸ்ஸில் கசங்கின வெள்ளைச் சட்டையோடு வந்துகொண்டிருக்கிற மாதிரித் தோன்றுகிறது. ஈஸ்டர் காலையில் கோமளா இஞ்சி தட்டிப் போட்டு, டம்ளரை என் எதிரில் வைப்பாள். வெயில் ஏறும்வரை அதைத் தொடமாட்டேன். ஆறிப்போகும். மறுபடி சுடவைத்துக் கொடுப்பாள், அதுவும் ஆறும். வாசல்பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்புறம் வேறு வழியில்லாமல் குடிப்பேன். குடித்த அந்த நிமிஷத்தில்தான் ஒவ்வொரு வருஷமும் நீ சாகிறாய்.

"எப்படி இருக்குது?" என்று கேட்பாள் கோமளா. "நல்லா இருக்குது" என்பேன். மற்றதை, அன்றைக்குத் தறிக்கூடத்து வாசலில் நீ அடுத்துச் சொன்னதை, சொல்லமாட்டேன்.